பேனுக்கும் பெயர் வைத்தவர்



நான் ஆசிரியராக இருந்தபோது ஒரு வருடம் என் ஐந்தாம் வகுப்பில் மூன்று செல்விகள் இருந்தார்கள். வருகைப் பதிவேட்டைப் பிரித்து செல்வி என்று கூப்பிட்டால் மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்பார்கள். காலாண்டுத் தேர்வில் ஒருத்தியின் மதிப்பெண்ணை இன்னொருத்தியின் பெயருக்கு நேராக எழுதிவிட்டேன். நன்றாகப் படித்த பெண் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள். மறுநாள் முதல் கா. செல்வி, மு. செல்வி, ரா. செல்வி என்று இனிஷியலோடு கூப்பிட ஆரம்பித்தேன். அதன்பிறகு குழப்பமே வரவில்லை.

மூன்று செல்விகளுக்கே இந்தப் பாடு என்றால், உலகத்தில் உள்ள செடி கொடிகள், பறவைகள், விலங்குகள், பூச்சிகள் எல்லாவற்றுக்கும் எத்தனை குழப்பம் இருந்திருக்கும்! செண்பகம் என்றால் உங்களில் சிலருக்கு மணம் வீசும் பூ நினைவுக்கு வரும். சிலருக்குச் சிவந்த கண்ணுடன் புதரில் நடமாடும் பறவை நினைவுக்கு வரும். அதே பறவையைச் செம்போத்து என்றும் சொல்வோம். நம் மொழி ஒன்றுக்குள்ளேயே இப்படி என்றால், நூற்றுக்கணக்கான மொழிகளை நினைத்துப் பாருங்கள்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வழி காட்டியவர்தான் கார்ல் லின்னேயஸ். சுவீடன் நாட்டுக்காரர். யானைக்கும் புலிக்கும் மட்டுமல்ல, கோழியின் இறகுக்குள் ஒளிந்து வாழும் பேனுக்கும் பெயர் வைத்தவர். அவருடைய கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

மறக்காதே மகனே!

சுவீடனின் தென்பகுதியில் ரோசுல்ட் என்ற சிற்றூர். அங்கே 1707ஆம் ஆண்டு மே 23ஆம் தேதி கார்ல் பிறந்தான். தந்தை நில்ஸ், தேவாலயப் போதகர். தாய் கிறிஸ்டினா.

அந்தக் காலத்துச் சுவீடனில் சாதாரண மக்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. நம்மைப்போலவே தந்தையின் பெயரைத்தான் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் பல்கலைக்கழகத்தில் சேர நில்ஸுக்கு ஒரு குடும்பப் பெயர் தேவைப்பட்டது. அவர்களுடைய நிலத்தில் பெரிய லிண்டன் மரம் ஒன்று நின்றது. அந்த மரத்தின் பெயரிலிருந்தே லின்னேயஸ் என்ற பெயரை அவர் உண்டாக்கிக்கொண்டார். பின்னாளில் மரங்களுக்கெல்லாம் பெயர் வைத்தவருக்கு, ஒரு மரம் முதலில் பெயர் கொடுத்துவிட்டது, பார்த்தீர்களா!

நில்ஸுக்குத் தோட்டம் என்றால் உயிர். மகனைத் தோட்டத்துக்கு அழைத்துப் போய் ஒவ்வொரு செடியின் பெயரையும் சொல்லிக் கொடுப்பார். சிறுவன் கார்ல் ஆசையோடு கேட்பான். ஆனால் சீக்கிரமே மறந்துவிடுவான். மறுபடியும் அதே செடியைக் காட்டி இது என்ன என்று கேட்பான். ஒருநாள் தந்தைக்குச் சலிப்பு வந்துவிட்டது. சொன்ன பெயரை மறந்தால் இனிமேல் புதிய பெயர் எதையும் சொல்லித் தரமாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கார்ல் பயந்துபோனான். அன்று முதல் ஒரு செடியின் பெயரைக் கேட்டால் அதை மனத்தில் ஆழமாகப் பதித்துக்கொண்டான். இந்த நிகழ்ச்சியை நீங்களும் மறந்துவிடாதீர்கள். கதையின் முடிவில் இது மறுபடியும் வரும்.

செருப்புத் தைக்கப் போகட்டும்!

பள்ளிப் படிப்பில் கார்ல் சுமார்தான். போதகராக ஆவதற்கு வேண்டிய பாடங்கள் அவனுக்கு ஏறவில்லை. காடு மேடெல்லாம் சுற்றிச் செடிகளைச் சேகரிப்பதிலேயே பொழுது போனது. இவனுக்குப் படிப்பு வராது, தையல் வேலையோ செருப்புத் தைக்கும் வேலையோ கற்றுக்கொடுங்கள் என்று ஆசிரியர்கள் தந்தைக்கு யோசனை சொன்னார்கள். நில்ஸ் மனம் உடைந்துபோனார்.

நல்லவேளையாக அந்த ஊரில் ரோத்மன் என்ற மருத்துவர் இருந்தார். பள்ளியிலும் பாடம் நடத்துவார். பையனிடம் இருந்த திறமையை அவர் ஒருவர்தான் கண்டுகொண்டார். அந்தக் காலத்தில் மருந்துகள் பெரும்பாலும் செடிகளிலிருந்துதான் வந்தன. அதனால் செடிகளை நன்றாக அறிந்தவன் நல்ல மருத்துவனாக வருவான் என்று நில்ஸுக்கு எடுத்துச் சொன்னார். தன் வீட்டிலேயே கார்லைத் தங்க வைத்துச் சொல்லியும் கொடுத்தார். ஓர் ஆசிரியர் கைவிட்ட பிள்ளையை இன்னோர் ஆசிரியர் கைதூக்கிவிட்டார். நாற்பது வருடம் கரும்பலகை முன்னால் நின்ற எனக்கு, இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் கொஞ்சம் வெட்கமும் கொஞ்சம் பெருமையும் வரும்.

1727இல் கார்ல் லுண்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே ஸ்டோபேயஸ் என்ற மருத்துவர் வீட்டில் தங்கினார். அந்த வீட்டில் அருமையான நூலகம் இருந்தது. ஆனால் அது பூட்டியே இருக்கும். இன்னொரு மாணவர் மூலம் ரகசியமாகப் புத்தகங்களை வாங்கி, இரவெல்லாம் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படித்துவிட்டு, விடிவதற்குள் திருப்பி வைத்துவிடுவார். ஸ்டோபேயஸின் தாயார் வீடு தீப்பற்றிக்கொள்ளுமோ என்று பயந்து மகனிடம் சொன்னார். ஒரு நள்ளிரவில் ஸ்டோபேயஸ் திடீரென்று அறைக்குள் நுழைந்தார். கார்ல் கையும் புத்தகமுமாக அகப்பட்டுக்கொண்டார். என்ன தண்டனை கிடைத்தது தெரியுமா? இனிமேல் திருட்டுத்தனம் வேண்டாம் என்று நூலகத்தைத் தாராளமாகப் பயன்படுத்த அனுமதி கிடைத்தது!

அடுத்த வருடம் உப்சாலா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே வறுமை வாட்டியது. சப்பாத்து கிழிந்தபோது உள்ளே காகிதத்தை வைத்து ஒட்டிப் போட்டுக்கொண்டார். 1729இல் ஒருநாள் தாவரத் தோட்டத்தில் செடிகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். அப்போது ஒரு பெரியவர் வந்து பல கேள்விகள் கேட்டார். கார்ல் ஒவ்வொன்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார். அந்தப் பெரியவர் பேராசிரியர் ஓலோஃப் செல்சியஸ். வெப்பநிலையைச் செல்சியஸில் அளக்கிறோமே, அந்த ஆண்டர்ஸ் செல்சியஸின் சிறிய தந்தை அவர். ஏழை மாணவரை உடனே தன் வீட்டுக்கு அழைத்துச் சென்று சோறும் இடமும் கொடுத்தார்.

இரு நண்பர்களின் ஒப்பந்தம்

உப்சாலாவில் கார்லுக்கு உயிர்த் தோழன் ஒருவர் கிடைத்தார். பெயர் பீட்டர் ஆர்ட்டேடி. உலகத்தில் உள்ள உயிர்களையெல்லாம் வரிசைப்படுத்த வேண்டும் என்ற கனவு இருவருக்கும் இருந்தது. வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். மீன்கள் ஆர்ட்டேடிக்கு. பறவைகளும் பூச்சிகளும் லின்னேயஸுக்கு. இருவரில் ஒருவர் இறந்துவிட்டால் மற்றவர் அவருடைய வேலையை முடித்துத் தர வேண்டும் என்றும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். இளம் வயதில் விளையாட்டுப்போலச் செய்த ஒப்பந்தம் அது.

1732இல் லின்னேயஸ் சுவீடனின் வடகோடியில் உள்ள லாப்லாந்துக்குத் தனியாகப் பயணம் போனார். பனியும் சதுப்பும் நிறைந்த பூமி. குதிரையிலும் கால்நடையாகவும் சுமார் 2,000 கிலோமீட்டர் சுற்றினார். வழியெல்லாம் செடிகளையும் பூச்சிகளையும் குறித்துக்கொண்டே போனார்.

1735இல் மருத்துவப் பட்டம் பெறுவதற்காக நெதர்லாந்துக்குப் புறப்பட்டார். வழியில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஓர் அதிசயத்தைக் காட்டினார்கள். ஏழு தலைகளோடு கூடிய பாம்பு! பதப்படுத்தி வைத்திருந்தார்கள். மிகப் பெரிய விலை பேசிக்கொண்டிருந்தார்கள். லின்னேயஸ் அதன் வாயை உற்றுப் பார்த்தார். உள்ளே இருந்தவை மரநாய் போன்ற சிறு விலங்கின் தாடைகளும் பற்களும். மேலே பாம்புத் தோலை ஒட்டியிருந்தார்கள். இது போலி என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். விலை சரிந்தது. உரிமையாளரின் கோபத்துக்குப் பயந்து அவசரமாக ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று.

அதே 1735இல் நெதர்லாந்தில் அவருடைய புகழ்பெற்ற புத்தகம் வெளிவந்தது. சிஸ்டமா நேச்சுரே என்பது அதன் பெயர். இயற்கையின் ஒழுங்குமுறை என்று பொருள். பெரிய தாளில் பத்துப் பன்னிரண்டு பக்கங்கள்தான். அதற்குள் தாவரம், விலங்கு, கனிமம் என்று எல்லாவற்றையும் வகைப்படுத்தியிருந்தார். பூவில் உள்ள மகரந்தத்தாள்களை எண்ணிப் பார்த்துத் தாவரங்களை 24 வகுப்புகளாகப் பிரித்திருந்தார். அப்போது அவருக்கு வயது 28.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அந்த செப்டம்பர் மாதம் ஓர் இரவில் ஆம்ஸ்டர்டாம் நகரின் இருட்டான கால்வாய் ஒன்றில் ஆர்ட்டேடி தவறி விழுந்து இறந்துபோனார். வயது முப்பதுதான். மீன்களைப் பற்றி அவர் எழுதி வைத்திருந்த தாள்களை, பாக்கிப் பணத்துக்காக வீட்டுக்காரர் பிடித்து வைத்துக்கொண்டார். லின்னேயஸ் ஒப்பந்தத்தை மறக்கவில்லை. கிளிஃபோர்ட் என்ற செல்வந்தரின் உதவியோடு பணம் கட்டித் தாள்களை மீட்டார். 1738இல் நண்பரின் பெயரிலேயே புத்தகமாக வெளியிட்டார். ஆர்ட்டேடியை இன்று மீனியலின் தந்தை என்று உலகம் போற்றுகிறது. அந்தத் தாள்கள் குப்பைக்குப் போயிருந்தால் அவர் பெயரே நமக்குத் தெரிந்திருக்காது.

இரண்டே சொற்கள்

1738இல் லின்னேயஸ் நாடு திரும்பினார். மறு வருடம் சாரா மொரேயாவை மணந்தார். 1741இல், காகிதம் ஒட்டிய சப்பாத்தோடு படித்த அதே உப்சாலாவில் பேராசிரியரானார்.

அவர் பாடம் நடத்தும் அழகே தனி. மாணவர்களைக் கூட்டமாகக் காடுகளுக்கு அழைத்துப் போவார். கொடியும் கொம்பு வாத்தியமும் முரசும் உடன் போகும். அரிய செடி கிடைத்தால் கொம்பு ஊதுவார்கள். மாலையில் ஊர்வலமாகத் திரும்புவார்கள். உங்களுக்கு அப்படி ஓர் ஆசிரியர் கிடைத்தால் எப்படி இருக்கும்!

ஆனால் ஒரு சிக்கல் அவரைத் தொந்தரவு செய்துகொண்டே இருந்தது. அந்தக் காலத்தில் ஒரு செடியின் பெயர் என்பது ஒரு பெரிய வாக்கியம். தக்காளியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தண்டு எப்படி, முள் உண்டா இல்லையா, இலை எப்படிப் பிளந்திருக்கும், பூங்கொத்து எப்படி இருக்கும் என்று அத்தனையும் பெயருக்குள் வரும். இன்னும் ஒரு புதிய செடி கிடைத்தால் வேறுபாடு காட்ட இன்னும் சில சொற்கள் சேரும். ஒவ்வோர் அறிஞரும் தன் விருப்பம்போல வாக்கியத்தை மாற்றிக்கொள்வார்கள். மாணவர்கள் எப்படி மனப்பாடம் செய்வது?

லின்னேயஸ் ஒரு வழி கண்டார். 1753இல் வெளியிட்ட ஸ்பீஷிஸ் பிளான்டாரம் என்ற நூலில் சுமார் 6,000 தாவரங்களைத் தொகுத்தார். வர்ணனையைத் தனியே வைத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டே சொற்களில் பெயர் கொடுத்தார். முதல் சொல் பேரினம். இரண்டாம் சொல் சிற்றினம். தக்காளிக்கு சோலானம் லைகோபெர்சிகம் என்று பெயர். கத்தரிக்காய்க்கு சோலானம் மெலோஞ்சினா. முதல் சொல்லைப் பார்த்ததுமே இரண்டும் ஒரே கூட்டம் என்று புரிகிறது. இரண்டாம் சொல்லைப் பார்த்தால் எது என்று புரிகிறது. நம் இனிஷியலும் பெயரும் போலத்தான்! அவருக்கு முன்பே காஸ்பார்ட் பாகின் போன்ற சிலர் சுருக்கமான பெயர்களைப் பயன்படுத்தியதுண்டு. ஆனால் எல்லா உயிர்களுக்கும் ஒரே விதியாக விடாமல் பின்பற்றியவர் லின்னேயஸ்தான். இதைத்தான் இருசொற் பெயரிடும் முறை என்று உங்கள் அறிவியல் புத்தகத்தில் படிப்பீர்கள்.

1758இல் சிஸ்டமா நேச்சுரேயின் பத்தாம் பதிப்பு வந்தது. இப்போது அது பத்துப் பக்கப் புத்தகம் அல்ல. விலங்குகளுக்கே நூற்றுக்கணக்கான பக்கங்கள். 4,000க்கும் மேற்பட்ட விலங்குகளுக்கு இரண்டு சொற்களில் பெயர் வைத்தார். முதல் பதிப்பில் மீன்களோடு வைத்திருந்த திமிங்கிலத்தை எடுத்துப் பாலூட்டிகளோடு சேர்த்தார். தன் தவற்றைத் தானே திருத்த அவர் தயங்கவில்லை. மனிதனுக்கு ஹோமோ சேப்பியன்ஸ் என்று பெயர் வைத்ததும் இந்தப் பதிப்பில்தான்.

கோழிப்பேனும் மயில்பேனும்

இனிமேல்தான் நம் பேன் கதை வருகிறது.

பேன் என்றதும் தலையைச் சொறியாதீர்கள்! பறவைகளின் உடம்பிலும் பேன்கள் உண்டு. நம் தலைப்பேன் ரத்தம் குடிக்கும். பறவைப் பேன்களில் பெரும்பாலானவை இறகையும் தோல் துணுக்கையும் கடித்துத் தின்னும். முட்டை, குஞ்சு, வளர்ந்த பேன் என்று வாழ்நாள் முழுவதும் பறவையின் மேலேயே கழியும். சிறகு இறகுகளின் நடுவே வாழ்பவை ஒல்லியாக, நீளமாக இருக்கும். பறவையின் அலகுக்கு அகப்படாமல் இறகின் இடுக்கில் படுத்துக்கொள்ள அந்த உடல் வசதி. தலையில் வாழ்பவை பல குட்டையாக, பருமனாக இருக்கும்.

1668இல் இத்தாலி நாட்டு மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி, நுண்ணோக்கியில் பார்த்துப் பறவைப் பேன்களின் படங்களைத் தன் புத்தகத்தில் வெளியிட்டார். அழகான படங்கள். ஆனால் பெயர் எழுதும்போது, மயிலின் புலெக்ஸ், புறாவின் புலெக்ஸ் என்று எழுதினார். புலெக்ஸ் என்றால் லத்தீனில் தெள்ளுப்பூச்சி. தெள்ளுப்பூச்சி குதிக்கும். பேன் குதிக்காது. இரண்டும் வேறு வேறு பூச்சிகள். குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது.

தொண்ணூறு வருடம் கழித்து லின்னேயஸ் இவற்றைத் தெள்ளுப்பூச்சிகளிடமிருந்து பிரித்தார். மனிதப் பேன், விலங்குப் பேன், பறவைப் பேன் எல்லாவற்றையும் பெடிகுலஸ் என்ற ஒரே பேரினத்தில் வைத்தார். இரண்டாம் சொல்லுக்குப் பறவையின் பெயரையே எடுத்துக்கொண்டார். கோழியின் பேன் பெடிகுலஸ் கல்லினே. புறாவின் பேன் பெடிகுலஸ் கொலம்பே. மயிலின் பேன் பெடிகுலஸ் பாவோனிஸ். அண்டங்காக்கையின் பேன் பெடிகுலஸ் கோர்வி. கேட்பதற்கு எவ்வளவு எளிமை!

ஆனால் இந்த எளிமைக்குள் மூன்று சிக்கல்கள் ஒளிந்திருந்தன.

முதலாவது, ஒரு கோழியின் மேல் ஒரே வகைப் பேன் மட்டும் இருப்பதில்லை. தலையில் ஒன்று, சிறகில் ஒன்று, உடம்பில் ஒன்று என்று பல வகைகள் இருக்கும். கோழிப்பேன் என்று சொன்னால் எந்தக் கோழிப்பேன்? மூன்று செல்விகளின் கதைதான்!

இரண்டாவது, லின்னேயஸ் பல பேன்களுக்கு ரெடியின் படங்களைச் சான்றாகக் காட்டியிருந்தார். படத்தை மட்டும் வைத்து எந்தப் பேன் என்று உறுதி செய்வது கடினம்.

மூன்றாவது, பேன்கள் சில நேரம் இடம் மாறிவிடும். பருந்து ஒரு புறாவைப் பிடித்துத் தின்றால் புறாவின் பேன் பருந்தின் மேல் ஏறிக்கொள்ளும். பறவைகளைச் சுட்டு ஒரே பைக்குள் போட்டாலும் அப்படித்தான். பிறகு பருந்தின் மேல் கிடைத்த புறாப்பேனுக்குப் பருந்தின் பெயரை யாராவது வைத்துவிடுவார்கள். ஒரே பேனுக்கு இரண்டு பெயர் வந்துவிடும்.

குழப்பம் தீர்ந்த கதை

லின்னேயஸ் மறைந்த பிறகும் இந்த வேலை தொடர்ந்தது. 1818இல் ஜெர்மனியைச் சேர்ந்த நிட்ஷ் என்ற பேராசிரியர் பறவைப் பேன்களை உடல் அமைப்பை வைத்துப் பல பேரினங்களாகப் பிரித்தார். கோழியின் பேன் ஒன்று மெனோபான் கல்லினே ஆயிற்று. மயிலின் பேன் கோனியோடெஸ் பாவோனிஸ் ஆயிற்று. புறாவின் பேனுக்கு இன்று கொலம்பிகோலா கொலம்பே என்று பெயர்.

ஒன்றைக் கவனித்தீர்களா? முதல் சொல் மாறிவிட்டது. லின்னேயஸ் வைத்த இரண்டாம் சொல் மாறவில்லை. நம் ஊரில் பல பெண்களுக்குத் திருமணமானதும் இனிஷியல் மாறும். செல்வி என்ற பெயர் மாறுவதில்லை. அதுபோலத்தான் இதுவும்.

ஒரே உயிருக்கு இரண்டு பெயர் இருந்தால் எதை வைத்துக்கொள்வது? அதற்கும் விதி உண்டு. பொதுவாக முதலில் வெளியான பெயரே செல்லும். எந்த ஆண்டிலிருந்து கணக்கு? விலங்குகளுக்கு 1758லிருந்துதான். லின்னேயஸின் பத்தாம் பதிப்பே தொடக்கக் கோடு.

1950இல் இங்கிலாந்தில் தெரசா கிளே என்ற பெண் அறிஞரும் ஹாப்கின்ஸ் என்ற அறிஞரும் அந்தப் பழைய பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார்கள். லின்னேயஸ் எழுதிய வரிகள், அவர் காட்டிய படம், அந்தப் பறவையின் மேல் உண்மையில் வாழும் பேன்கள் எல்லாவற்றையும் ஒப்பிட்டு, எந்தப் பெயர் எந்தப் பேனுக்கு உரியது என்று முடிவு கட்டினார்கள். 1952இல் இருவரும் சேர்ந்து கடிக்கும் பேன்களின் பெயர்ப்பட்டியலை வெளியிட்டார்கள். இறகைக் கடிக்கும் பேன்களும் அவற்றின் உறவினர்களுமாக இன்று 4,000க்கும் மேற்பட்ட வகைகள் நமக்குத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் உலகம் முழுவதற்கும் ஒரே பெயர்!

பேனுக்கு எதற்கு இத்தனை சிரமம் என்று கேட்பீர்கள். கோழிப்பண்ணையில் பேன் பெருகினால் எந்தப் பேன், எங்கே ஒளிந்திருக்கும் என்று தெரிந்தால்தானே ஒழிக்க முடியும்? ஒரு நாட்டில் கண்டுபிடித்த வழி இன்னொரு நாட்டுக்குப் பயன்பட வேண்டுமானால் இருவரும் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும் அல்லவா?

கறிவேப்பிலையில் ஒரு மாணவர்

லின்னேயஸின் மாணவர்கள் உலகின் பல மூலைகளுக்கும் போய்ச் செடிகளையும் உயிர்களையும் சேகரித்தார்கள். சிலர் திரும்பி வரவே இல்லை. ஃபோர்ஸ்கால் என்ற மாணவர் 1763இல் ஏமன் நாட்டில் காய்ச்சலில் இறந்தார். அந்த இழப்புகளின் விலையும் அந்தப் புத்தகங்களுக்குள் இருக்கிறது.

அவர்களில் ஒருவர் நம் தரங்கம்பாடிக்கும் வந்தார்! அவர் பெயர் கோனிக். 1768இல் டேனிஷ் மிஷனின் மருத்துவராக வந்து, நம் பகுதிச் செடிகளைச் சேகரித்துத் தன் ஆசிரியருக்கு அனுப்பினார். 1771இல் லின்னேயஸ் நம் கறிவேப்பிலைக்கு அந்த மாணவரின் நினைவாக பெர்ஜெரா கோனிகி என்று பெயர் வைத்தார். பிறகு அது முர்ராயா கோனிகி என்று மாறியது. இப்போது பல ஆராய்ச்சியாளர்கள் மறுபடியும் பெர்ஜெரா என்றே எழுதுகிறார்கள். இங்கேயும் முதல் சொல் போய்ப் போய் வருகிறது. கோனிகி மட்டும் அசையவில்லை. நாளை சாம்பாரிலிருந்து கறிவேப்பிலையை எடுத்து ஓரமாக வைக்கும்போது அந்த மாணவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

அவரிடமும் தவறுகள்

பெரியவர்களிடமும் தவறுகள் உண்டு. நியூ கினியிலிருந்து வந்த சொர்க்கப் பறவையின் தோல்களைக் கால்களை வெட்டிவிட்டு அனுப்பினார்கள். அந்தப் பறவைக்கு லின்னேயஸ் கால் இல்லாதது என்று பொருள்படும் அபோடா என்ற பெயரை வைத்தார். அதற்குக் கால் உண்டு. ஆனாலும் முந்திய பெயர் என்பதால் அதுவே நிலைத்துவிட்டது. பெயர் என்பது அடையாளம்தான், வர்ணனை அல்ல. ஒல்லியான பையனுக்கு பீமன் என்று பெயர் இருந்தால் மாற்றிவிடுகிறோமா?

இன்னொரு தவறு அப்படிச் சிரித்துவிட்டுப் போகக் கூடியதல்ல. மனிதர்களைக் கண்டங்களையும் தோல் நிறத்தையும் வைத்து நான்கு வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் இன்ன குணம் என்று எழுதினார். அதற்கு அறிவியல் ஆதாரம் எதுவும் இல்லை. பின்னால் வந்த பலர் மனிதரை மனிதர் தாழ்வாக நடத்துவதற்கு இத்தகைய பட்டியல்களைப் பயன்படுத்திக்கொண்டார்கள். இன்றைய அறிவியல் அதை முற்றிலும் நிராகரித்துவிட்டது. பேனின் பெயரைத் திருத்தியதுபோல இதையும் திருத்தியது பிற்கால அறிவியல்தான்.

இது யார் எழுதியது?

1761இல் சுவீடன் மன்னர் அவருக்குப் பிரபுப் பட்டம் கொடுத்தார். புகழின் உச்சியில் இருந்த அவரை 1774இல் பக்கவாதம் தாக்கியது. 1776இல் மறுபடியும் தாக்கியது. வலது பக்கம் செயலிழந்தது. நினைவு மங்கியது. அவருடைய புத்தகங்களையே அவர் முன்னால் வைத்தால் ஆசையோடு பார்ப்பாராம். ஆனால் அவற்றை எழுதியவர் தாம்தான் என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு பெயரைக்கூட மறக்கக் கூடாது என்று தந்தையிடம் கற்ற சிறுவன், முதுமையில் தன்னையே மறந்துபோனான். 1778ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் தேதி அவர் காலமானார். உப்சாலா பேராலயத்தில் அடக்கம் செய்தார்கள். அவர் சேகரித்தவற்றை ஸ்மித் என்ற ஆங்கிலேயர் விலைக்கு வாங்கினார். அவை இன்றும் லண்டனில் லின்னேயஸ் பெயரால் அமைந்த சங்கத்தில் பத்திரமாக இருக்கின்றன.

குழந்தைகளே, அடுத்த முறை உயிரியல் பூங்காவுக்கோ அருங்காட்சியகத்துக்கோ போனால் பெயர்ப்பலகையை நிதானமாகப் படியுங்கள். இரண்டு சொற்கள் இருக்கும். சில பலகைகளில் அவற்றுக்குப் பின்னால் லின்னேயஸ் என்ற பெயரும் 1758 என்ற ஆண்டும் இருக்கும். அடைப்புக்குறிக்குள் இருந்தால் என்ன பொருள் தெரியுமா? முதலில் பெயர் வைத்தவர் இவர், பேரினத்தைப் பிறகு மாற்றினார்கள் என்று பொருள். கோழிப்பேன், மயில்பேன், புறாப்பேன் மூன்றுக்கும் அந்த அடைப்புக்குறி உண்டு.

தான் எழுதியதைத் தானே மறந்துபோனார் அந்தப் பெரியவர். ஆனால் கோழியின் இறகுக்குள் இருக்கும் சின்னஞ்சிறு பேன்கூட அவர் பெயரை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது.